இரண்டு பேர் ஆடும் டாங்க் விளையாட்டு

பழைய வீடியோ கேம்களைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தக் காலத்து விளையாட்டு மாதிரி வருமா என்கிறார்கள். ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து அவற்றை ஆடியவள் நான். பாதிக்கு மேல் குப்பை. கார் ரேஸ் என்று நாங்கள் உயிரை விட்டது, ஒரு சாம்பல் நிறப் பட்டை மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வருவதுதான். மல்யுத்தத்தில் இரண்டு கட்டைகள் உரசிக்கொள்கின்றன. யார் யாரை அடித்தது என்று அந்த நடுவருக்கே தெரியாது. டாங்க் விளையாட்டு ஒன்றுதான் இன்றைக்கும் நிற்கிறது. அதே வேகம், அதே குறி, அதே கறார். அது கொஞ்சம் பழசாகிப் போயிருந்தால் எங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் அண்ணனுக்கும். நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்ணியோடு இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். முதலில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்றான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். அப்புறம் பூட்டில் சாவியைத் திருப்ப வரவில்லை. ஊசி, ஸ்கேன், கரண்ட் வைத்துப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். கையில் ஆரம்பித்திருக்கிறது, பரவும். திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை.

வெளியே வந்தபோது பிசியோதெரபி பார்க்கும் பெண், முடிகிற வரைக்கும் விரல்களுக்கு லேசாக வேலை கொடுங்கள் என்றாள். முடிகிற வரைக்கும் என்பதை உதறிவிட்டு, வேலை கொடுங்கள் என்பதை மட்டும் நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். எட்டாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்துகிறவள் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த மாதமே மாமல்லபுரம் போனோம். வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பது என்று அண்ணிதான் கிளப்பினாள். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில், சங்கு மாலைக்கும் கல் பிள்ளையாருக்கும் நடுவில் ஒரு பொம்மைக் கடை. அங்கே அந்தப் பெட்டி இருந்தது. டிவியில் சொருகினால் போதும், பழைய கேம் அத்தனையும் உள்ளே, இரண்டு ஜாய்ஸ்டிக். அறுநூறு கேம் கீது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். அண்ணன் சிரித்துவிட்டான். பத்து கேமை வேறு வேறு பெயரில் அறுபது தடவை போட்டிருப்பான் என்றான். அவன் சிரித்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன்.

அவன் சொன்னது சரிதான், பத்துதான் இருந்தது. சின்ன வயதில் திருக்கழுக்குன்றத்தில் எங்களிடம் இருந்த கேசட்டும் அப்படித்தான் ஏமாற்றியது. அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். கேம் ஆடினால் டிவியின் பிக்சர் ட்யூப் போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிறு ஒரு மணி நேரம்தான். நடுவில் எழுந்து வந்து டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் அன்றைக்கு ஆட்டம் குளோஸ். நாங்கள் ஈரத்துணியால் அதன் முதுகைத் துடைத்துத் துடைத்து ஆடுவோம். ஷாக் அடித்துச் சாகாமல் வளர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

டாங்க் விளையாட்டு தெரியாதவர்களுக்கு: திரையின் கீழே நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. மேலேயிருந்து எதிரி டாங்குகள் சுவரை உடைத்துக்கொண்டு வரும். மஞ்சள் டாங்க் ஒருவருக்கு, பச்சை டாங்க் இன்னொருவருக்கு. கழுகின் மேல் ஒரே ஒரு குண்டு பட்டால், உங்களுக்கு எத்தனை உயிர் பாக்கி இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அண்ணன் எப்போதும் மஞ்சள். அவன் மேலே போய் வேட்டையாடுவான், நான் கழுகுக்குப் பக்கத்தில் காவல் நிற்பேன்.

படூரில் முதல் ஞாயிறு பதினாலாவது ஸ்டேஜ் வரை போனோம். அவன் கட்டைவிரல் கொஞ்சம் தாமதித்தது, அவ்வளவுதான். மூளை அதே மூளை. எதிரி எந்தச் சந்தில் திரும்புவான் என்று எனக்கு முன்னால் சொன்னான். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஐம்பதை நெருங்குகிற கழுதைகள் என்று திட்டினாள். திரும்பும்போது கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்தடுத்த வாரங்களில் பன்னிரண்டு. மறுபடி பன்னிரண்டு. அப்புறம் ஒன்பது. ஏழு.

ஜாய்ஸ்டிக் மட்டம் என்று நான் முடிவுகட்டினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மாமல்லபுரம் போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பட்டன் அழுத்தினால் வேலை செய்வதில்லை, இப்படி ஊரை ஏமாற்றி விற்கலாமா என்று கத்தினேன். சங்கு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டியை வாங்கினார். கடை டிவியில் சொருகி, அண்ணனின் ஜாய்ஸ்டிக்கை எடுத்து, நின்ற வாக்கிலேயே மூன்று ஸ்டேஜ் முடித்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பக்கம் பீச் பந்துக்கு விலையும் சொல்லிக்கொண்டு முடித்தார்.

“ஜாய்ஸ்டிக் நல்லாதான் கீதுக்கா,” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேணும்னா வேற ஜோடி எடுத்துக்கோ,” என்றார்.

எடுத்துக்கொண்டேன். அதிலும் ஏழுதான். அடுத்த வாரம் ஐந்து.

ஒரு ஞாயிறு அண்ணன் கழுகைச் சுட்டுவிட்டான். எதிரி சுடவில்லை, அவனே. கீழ்நோக்கி நின்ற டாங்கைத் திருப்ப நினைத்திருக்கிறான், விரல் வழுக்கிச் சுடும் பட்டனில் விழுந்துவிட்டது. இதற்கு எங்கள் வீட்டில் ஒரு தண்டனை உண்டு. சின்ன வயதில் அப்பா ஒரு தடவை நாங்கள் கழுகைச் சுட்டதைப் பார்த்து அரண்டுபோனார். தினமும் கழுகு வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போன மலை எங்கள் ஊர்க் கோயில் மலை. இன்றைக்குக் கழுகு வருவது நின்று பல வருஷம் ஆனாலும் ஊருக்கு அதன்மேல் இருந்த பயபக்தி போகவில்லை. அந்தக் கோயில் சம்பளத்தில் சாப்பிடுகிற வீட்டில் கழுகைச் சுடுகிற ஆட்டமா? சுட்டவர் மலையேறிப் போய் வேதகிரீஸ்வரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார். ஐந்நூறு படிக்கு மேல். நான் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அண்ணன் ஒரு தடவைகூட ஏறியதில்லை, அவ்வளவு சுத்தமாக ஆடுவான்.

இப்போது அவன் காலும் கனக்க ஆரம்பித்திருந்தது. ஹாலில் இருந்து பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவான். திரையில் ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எனக்கு பதிலா நீ ஏறிட்டு வந்துடு,” என்றான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஏறினேன். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. அதற்கே வெட்கமாக இருந்தது. சன்னதியில் நின்று மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மிச்சத்தை எடுத்துக்கொள், அந்த வலது கட்டைவிரலை மட்டும் விட்டுவை என்றேன். கடவுளிடம் கத்தரிக்காய்க் கடையில் பேசுவதுபோலப் பேரம் பேசினேன். கீழே இறங்கி வந்ததும் அண்ணிக்கு போன் போட்டேன். தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இன்றைக்குக் கீழே போட்டுவிட்டார் என்றாள்.

அதற்கப்புறம் நான் திருட்டு ஆட்டம் ஆட ஆரம்பித்தேன். காவல் நிற்பதை விட்டுவிட்டு, அவன் டாங்குக்கு முன்னால் போய் நின்று வருகிற எதிரியை எல்லாம் நானே சுட்டேன். சுவரில் எதிரி ஒருவன் சிக்கிக்கொண்டால் மட்டும் அவனுக்கு விட்டுவைத்தேன். மறுபடி எட்டாவது ஸ்டேஜ் வந்தது. பார்த்தாயா, தேறிவிட்டது என்று வாய்கூசாமல் சொன்னேன்.

“இன்னா தேறிச்சு?” என்றான். குரல் குழறத் தொடங்கியிருந்த சமயம் அது, ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினான். “நீ ஆடல. எனக்கு சோறு ஊட்றே. அதுக்குதான் உங்கண்ணி கீறாளே.”

அண்ணி சமையலறையில் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி நின்றாள். நான் ஸாரி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், நான் அழுதால் அவனால் கண்ணைத் துடைத்துவிடவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. ஒழுங்காக ஆடினேன். இரண்டாவது ஸ்டேஜில் தோற்றோம்.

போன ஞாயிறு நான் போனபோது ஜாய்ஸ்டிக் அவன் மடியில் தலையணைமேல் இருந்தது. அண்ணி வைத்துக் கொடுத்திருந்தாள். இப்போதெல்லாம் உள்ளங்கையின் ஓரத்தால்தான் பட்டனை அழுத்துகிறான். ஆட்டம் தொடங்கும் திரையில் ஒருவரா, இருவரா என்று கேட்கும். குறி முதலில் ஒருவர் என்பதில் நிற்கும், அதைக் கீழே தள்ளி இருவரில் வைக்க வேண்டும். வழக்கமாக அவன்தான் வைப்பான். நான் என் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் குறியைத் தள்ளவில்லை. கையை மெதுவாகத் திருப்பி ஸ்டார்ட்டை அழுத்தினான்.

முதல் ஸ்டேஜ் வந்தது. திரையில் மஞ்சள் டாங்க் மட்டும் நின்றது. தப்பாக அழுத்திவிட்டாய், திருப்பிப் போடு என்றேன்.

“தப்பா இல்ல,” என்றான். “எடுத்துக்கோ. நீ ஆடு, நான் பார்க்கறேன்.”

அதற்குள் இரண்டு எதிரிகள் கீழே இறங்கிவிட்டார்கள். அந்த விளையாட்டு யாருக்காகவும் நிற்காது. அவன் மடியிலிருந்த ஜாய்ஸ்டிக்கை இழுத்தேன், வரவில்லை. அவன் கட்டைவிரல் அதன்மேல் மடங்கிக் கிடந்தது. அதை நான் தூக்கி நகர்த்தினேன். சூடாகத்தான் இருந்தது. கனமே இல்லை.

ஆடினேன். சுவர் பாதி உடைந்துவிட்டது, ஆனாலும் கழுகு தப்பித்தது, ஸ்டேஜ் முடிந்தது. சோபாவில் அவன் தலையை மெல்லச் சாய்த்துக்கொண்டான்.

“நல்லாதான் ஆடறே,” என்றான்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவன் என்னை அப்படிச் சொன்னதில்லை. இரண்டாவது ஸ்டேஜ் தானாகவே வந்தது. நான் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான், அதனால் ஆடிக்கொண்டே இருந்தேன்.