விழ விடாமல் பிடித்தேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு, துறைமுகத்தில் ரங்கூன் அரிசி மூட்டை தூக்கினேன். முதுகைவிட என் வாய்தான் அதிகம் உழைத்த காலம் அது.

எங்கள் கூலி செட்டில் ஒரு வழக்கம். மத்தியானக் கஞ்சி முடிந்ததும் மேஸ்திரி விசில் ஊதுவார். எல்லோரும் வெயிலில் வரிசையாக, அசையாமல் நிற்க வேண்டும். அவர் தலையை எண்ணிக்கொண்டே வருவார். உட்கார்ந்திருப்பவன் அவர் கணக்கில் ஆளே இல்லை. வாசலில் காத்திருக்கும் ஒருவனை அந்த இடத்துக்குக் கூப்பிட்டுக்கொள்வார்.

என் கூட்டாளி பத்து நாள் முறைக்காய்ச்சலில் கிடந்து, அன்றுதான் வேலைக்கு வந்திருந்தான். கஞ்சியைத் தொடவே இல்லை. விசில் சத்தம் கேட்டு, குந்தியிருந்தவன் சட்டென்று எழுந்தான். வரிசையில் நின்ற கொஞ்ச நேரத்தில் கொட்டாவிமேல் கொட்டாவி. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"கண்ணு இருட்டிகினு வருது மாமு. செத்த குந்திக்கிறேன்."

"குந்துனா உன் எடம் பூடும். நான் கீறேன், நில்லு நைனா."

சொல்லி முடிப்பதற்குள் துவண்டான். நானும் அவனுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். மேஸ்திரி எங்களிடம் வந்தபோது அவன் கையை நானே உயர்த்திக் காட்டி, அவன் குரலிலேயே ஆஜர் சொன்னேன். மேஸ்திரி எண்ணிக்கொண்டு நகர்ந்துவிட்டார். வரிசை முழுக்கச் சிரிப்பு. அத்தோடு விட்டேனா? இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று அவன் தலையை ஆட்டி, போகிற மேஸ்திரிக்கு சலாம் வேறு போடவைத்தேன்.

அப்போதுதான் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. விழுந்து அடிபடப் போகிறானே என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

துறைமுக ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த கம்பவுண்டர் எங்கள் கையைத் தட்டிவிட்டு, அவனைத் தரையில் கிடத்தி, காலை ஒரு மூட்டைமேல் தூக்கி வைத்தார். பிறகு எனக்கு விளக்கினார். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தங்கிவிடுமாம். நல்ல உடம்பு ரத்தக்குழாயை இறுக்கி, அதை மேலே தள்ளிவிடும். நோஞ்சான் உடம்பால் முடியாது. தலைக்கு ரத்தம் எட்டாதபோது உடம்பே ஆளைக் கீழே சாய்த்துவிடும். படுத்துவிட்டால் ரத்தம் சிரமமில்லாமல் தலைக்குப் போய்ச் சேரும்.

"வுழுறதுதாம்பா அதுக்கு வைத்தியம். நீ அவன வுழாம புடிச்சுகினு நின்னுட்டே," என்றார்.

சாயங்காலம் கண் விழித்தான். ஆனால் அவ்வளவு நேரம் தலைக்கு ரத்தம் எட்டாததில், இடது கை மடங்கவே இல்லை. அதற்குப் பிறகு அவன் மூட்டை தூக்கவில்லை. திருவொற்றியூரில் மச்சான் கடையில் உட்கார்ந்து, ஒரே கையால் வெற்றிலை மடித்துக் கொடுத்தான். நான் போகும்போதெல்லாம் கடைக்கு வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "என் எடம் போவாம காப்பாத்துன தோஸ்து இவன்தான்" என்பான்.

கம்பவுண்டர் சொன்னதை அவனிடம் ஒருநாளும் நான் சொல்லவில்லை. நாலு வருஷம் அந்த நன்றியைச் சிரித்துக்கொண்டே வாங்கினேன். இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அவன் இல்லை.