முத்தலுக்கு ஒரு நாற்காலி

ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை... அதோடு இஞ்சி போட்ட பிளேன்டீ. ஹட்டன் பஜாரில் புடவைக் கடைக்கு மேலே இருந்த வாசிகசாலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான்.

அங்கே ஒரே ஒரு செஸ் போர்டு. தொலைந்துபோன கறுப்புக் குதிரைக்குப் பதிலாக ஒரு நூல்கட்டை நிற்கும்.

நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர். ஒவ்வொரு காயையும் யோசித்து, திரும்பவும் யோசித்துத்தான் நகர்த்துவேன். அப்படியும் தோற்பேன்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கழித்துப் போடுகிற முற்றின இலைக்கு முத்தல் என்று பெயர். ஆடத் தெரியாதவனையும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் முத்தல். அவரிடம் யாராவது தோற்றால், பெயர் தோற்றவருக்குப் போய்விடும். நான் வந்த முதல் வாரமே அது எனக்கு வந்துவிட்டது.

தேயிலை பெக்டரியில் கிளார்க்காக இருந்த செல்வராஜ்தான் அதிகம் சீண்டுவார்.

"முத்தல் வந்தாச்சு. உக்காருங்க சேர், ஒங்கள முடிச்சிட்டுத்தான் நாங்க நல்ல ஆட்டம் ஆடணும்."

பள்ளிப் பிள்ளைகள் காதில் விழுந்துவிடுமோ என்று பயப்படுவேன். அந்தப் பெயரை எப்படியாவது உதறிவிட வேண்டும்... அது ஒன்றுதான் ஆசை.

ஒரு மழை மாலையில் செல்வராஜ் தன் ராணியை என் கோட்டைக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். பொறியோ என்று எல்லாக் கட்டங்களையும் பார்த்தேன். எதுவுமில்லை. வெட்டினேன். ஜெயித்தும் விட்டேன். அன்றிலிருந்து அவர் முத்தல்.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. வருகிற எல்லோருக்கும் முதலில் ஒரு சுலபமான வெற்றி வேண்டும். அதனால் போர்டின் ஒரு பக்கத்து நாற்காலி எப்போதும் முத்தலுக்குத்தான். அதுவரை மாலை முழுக்க ஆடியவன் நான். இப்போது குடையோடு பெஞ்சில் காத்திருந்தேன். பல நாள் என் முறை வருமுன் கடைசி பஸ் வந்துவிடும்.

செல்வராஜ் ஆடிக்கொண்டே இருந்தார். தோற்றுத் தோற்றுச் சிரித்தார்.

அண்மையில் அவரோடு போனில் பேசும்போது, அந்த ராணியைத் தெரிந்தேதான் வைத்தாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்ப எதுக்கு சேர் அது... அதுக்கப்புறம் ஒங்களவிட நான்தானே நெறைய ஆடுனேன்."

இது ஆமாவா, இல்லையா... எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது நான் போனில்தான் செஸ் ஆடுகிறேன். எனக்குச் சமமான ஆளை அதுவே தேடித் தருகிறது. காத்திருக்க வேண்டியதில்லை. யாரும் பட்டம் வைப்பதுமில்லை.

ஆனால் திறந்தவுடன், "முத்தல் வந்தாச்சு, உக்காருங்க" என்று சொல்ல அதில் ஒருவரும் இல்லை.