எட்டரை மணி ரீடிங்

நான் கல்லூரி மலரில் கிண்டல் எழுதுகிறவன். இதையும் கிண்டல் என்றுதான் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது மாறாது.

கடலோரக் குன்றின் மேல் ஒரு வானாய்வுக்கூடம். மாடியில் தொலைநோக்கி, கீழே வேளை தவறாமல் வெப்பநிலை ரீடிங் எடுக்கும் வானிலைப் பிரிவு. அதற்கு நூறு வயதாம். வரலாறு எழுத என்னைப் பிடித்தார்கள். 'நூறு ஆண்டுகளில் ஒரு ரீடிங்கும் தவறியதில்லை' என்று முதல் வரியை டைரக்டரே கொடுத்துவிட்டார். மீதி வரலாற்றை அதற்கேற்ப நடக்க வைப்பது என் வேலை.

தவறியது ஒன்று உண்டு. பத்தொன்பது வருடம் முன்பு, புயல் நாள், இரவு எட்டரை. ரிஜிஸ்டரில் அந்த வரிசை காலி. ஓரத்தில், 'ஊழியர் பணியை விட்டு ஓடிவிட்டார்.'

அந்த ஊழியர் என் அப்பா. நான் அப்போது கைக்குழந்தை.

"கடைக்குப் போனாலே நேரா வீட்டுக்கு வர்ற மனுஷன். எங்கடா ஓடுவார்? அதை மாத்தி எழுதிட்டு வா," என்றாள் அம்மா. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஓர் இரவு ரிஜிஸ்டர் அறையில் நான் மட்டும், அந்தப் பழைய ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு. மணி 8.27. தோட்டத்தில் 'க்ரீச்...' தெர்மாமீட்டர் பெட்டியின் கதவு. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருடமாகிறது. அது வெறும் பெட்டி.

8.30. ஓர் ஆண் குரல்.

"இருபத்தொண்ணு புள்ளி நாலு..."

அந்தக் காலத்தில் இது இருவர் வேலை. ஒருவர் தோட்டத்தில் பார்த்துக் கத்துவார். உள்ளே எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை வெளியே நிற்பவர் நகரக்கூடாது.

மறுபடி அதே எண்.

மூன்றாவது முறை... கெஞ்சலாக.

"இருபத்தொண்ணு புள்ளி நாலு," என்றேன்.

"சத்தமா சொல்லுப்பா... மழையில கேக்கல."

வெளியே மழை இல்லை. நிலா.

கத்தினேன்.

பெட்டிக் கதவு மூடியது.

காலடி...

பிறகு ஒன்றுமில்லை.

என் கை அந்தக் காலி வரிசையில் 21.4 என்று எழுதியிருந்தது.

காலையில் டைரக்டரிடம் எல்லாம் சொன்னேன். 'ஓடவில்லை' என்று நான் எழுதிய பக்கத்தையும் நீட்டினேன். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"ஏன் சார்?"

புயலன்று உள்ளே உட்கார்ந்து எழுத வேண்டியவர் டைரக்டர்தானாம். 'ஓடிவிட்டார்' என்று எழுதியிருப்பதும் அவர் கையெழுத்துதான்.

"தரை ஆடுச்சு தம்பி. மேசைக்கு அடியில போயிட்டேன். திருப்பிச் சொல்ல வாயே வரல. அப்புறம் தோட்டத்து ஓரம் பெட்டியோட, உங்கப்பாவோட, அப்படியே கடல்ல சரிஞ்சுது. இப்ப இருக்கறது அப்புறம் வச்ச பெட்டி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்து எத்தனை தடவை கூப்பிட்டார்?"

"மூணு சார்."

"அன்னைக்குப் பதினோரு தடவை."