எனிட்டின் இரண்டாம் குரல்

ஹாலிஃபாக்ஸில் ஒரு பப்பின் மாடி அறையில் வியாழக்கிழமைதோறும் நாட்டுப்பாடல் கிளப் கூடும். அங்கே எனிட் சக்டன் இருபது வருஷமாகப் பாடினாள். ஒரு நாள்கூட மெட்டைப் பாடியதில்லை. மெட்டு கிளிஃபர்டுடையது. காஸ் அடுப்பு பழுதுபார்க்கிற ஒண்டிக்கட்டை. பாட எழுந்தால் கண்ணை மூடி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். எனிட் அவன் குரலுக்குக் கீழே, ஒட்டியும் ஒட்டாமலும், இரண்டாம் குரல் போடுவாள்; மெட்டுக்குத் துணையாகக் கூடவே ஓடும் வேறொரு இசை வரி அது. வாத்தியம் இல்லை, மைக் இல்லை. கைதட்டும்போது எல்லோர் கண்ணும் அவன் மேல்தான். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கும்போதும் அவள் வாய் முணுமுணுத்தது இரண்டாம் குரலைத்தான்.

கிளிஃபர்டுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மனுஷன் பிழைத்தான், பேச்சு சிலேட்டுக்குப் போயிற்று. கால்வாயில் மூழ்கிய படகுக்காரனைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றுக்கு அவனே ஒரு மெட்டு போட்டிருந்தான். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அவன் நம்பினான். மலைக்கு அந்தப் பக்கம் ராச்டேல் கிளப்பில் அவர்கள் இருவரையும் பாட அழைத்திருந்தார்கள். "நீ போய்ப் பாடு. என் மெட்டு என்னோட போயிடக் கூடாது" என்று எழுதிக் காட்டினான்.

"எனக்கு அது வராது கிளிஃப்."

"இருபது வருஷமாக் காதுல கேட்டது வாயில வராதா?" என்று மறுபடி எழுதினான்.

வரவில்லை. ராச்டேலுக்குக் கிளிஃபர்டும் கூட வந்திருந்தான். அவள் எழுந்து நின்று வாயைத் திறந்தாள். இரண்டாம் குரல்தான் வந்தது. பாதியில் நிறுத்தவும் துணிச்சல் இல்லை. தலையில்லாத முண்டம் போன்ற அந்த வரியைக் கடைசிவரை பாடிவிட்டு உட்கார்ந்தாள். அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது.

டெஸ்மண்ட் ஃபாரர் என்ற பாடகன் பீர் கோப்பையோடு ஓடிவந்தான். இந்த நாட்டுப்பாடல் கூட்டத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு: தெரிந்த பாட்டுக்குத் தெரியாத மெட்டு கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"அம்மாடி, எங்கிருந்து பிடிச்சே இத? இந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு மெட்டா! என்ன சோகம், என்ன சோகம்! ரொம்பப் பழசா இருக்கணுமே?"

அவளைத் தனியாக ஒருவர் பாராட்டியது அதுவே முதல் தடவை.

"எங்க வீட்டுப் பக்கம் பாடுவாங்க" என்றாள் எனிட்.

கிளிஃபர்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பும்போது பஸ்ஸில்தான் சிலேட்டில் எழுதினான்: "அந்த ஆள்கிட்ட நிஜத்தைச் சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன். இப்ப அதுக்கென்ன அவசரம்?"

சொல்லவில்லை. டெஸ்மண்ட் அந்தப் பாட்டை ஊர் ஊராகப் பாடுகிறான் என்று கேள்விப்பட்டபோதும் சொல்லவில்லை.

வசந்தத்தில் அவனே ஹாலிஃபாக்ஸ் கிளப்புக்கு விருந்தினனாக வந்தான். "எனிட் கொடுத்த மெட்டு இது" என்று அவளைக் கைகாட்டிவிட்டு ஆரம்பித்தான். அறையிலிருந்த அத்தனை பேருக்கும் கிளிஃபர்டின் மெட்டு தெரியும். ஆனால் விருந்தினன் எப்படிப் பாடுகிறானோ அப்படியே பல்லவியை வாங்கிப் பாடுவதுதான் மரியாதை. வாங்கிப் பாடினார்கள். அறை முழுக்க இரண்டாம் குரல். மெட்டைப் பாட ஒரு நாதியில்லை. இப்போதாவது அதைப் பிடித்துவிட வேண்டும் என்று எனிட் தவித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை முயன்றும், தொண்டை எல்லோரும் பாடுவதையே பாடியது.

ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது அந்த அறைக் கதவை யாரும் திறக்க மாட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள்கூடப் படிக்கட்டில் காத்திருப்பார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் கிளிஃபர்டும் ஒருவன். அவன் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கிப் போனான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனிட் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாற்பது பேர் அவளுடைய வரியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெட்கங்கெட்டுப்போய் அவளுக்கு அது இனித்தது. அழுதுகொண்டே, கடைசிப் பல்லவி வரை அவர்களோடு உட்கார்ந்து பாடினாள்.