குழியில் குளித்த மைனா

கர்த்தருடைய பிள்ளைகளே, நான் சாந்தமாகச் சாட்சி சொல்லப் போவதில்லை. கோபமாகத்தான் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

போன வருடம் மே மாதம் என் கணவர் ஜெபசிங்குக்குப் பக்கவாதம் வந்தது. ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்தவர், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சரிந்துவிட்டார். உயிர் பிழைத்தார். கை கால் மெல்லத் தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவராக முயன்றால்தான் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாய் ஓயாத மனுஷன். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கேம்ப் என்கிற பகுதியில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். சும்மா ஜெபித்துவிட்டுப் போனார்களா? ஓர் அக்கா அவர் காதருகே குனிந்து கத்தினார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்! இன்னொருவர் மிக்சரை மென்றுகொண்டே, "சிஸ்டர், அறிக்கையிடாத பாவம் ஏதாவது வீட்டுல இருக்கான்னு பாருங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இருக்கு பிரதர். உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தது" என்றேன். அதன்பிறகு அவர் வரவில்லை.

அந்தக் கோபம் ஆண்டவர்மேல் திரும்ப ரொம்ப நாள் ஆகவில்லை. ஹிஞ்சேவாடிக்குப் போகும் ஆபீஸ் கேப்பில் தினமும் அவரோடு சண்டைதான். "பெரிய அற்புதம் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. அதுகூட உம்மால் முடியாதா?"

எங்கள் குடும்ப ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய நன்மை ஒன்றைச் சொல்லி ஆளுக்கொரு ஸ்தோத்திரம் செய்துதான் முடிக்க வேண்டும். என் கணவர் ஆரம்பித்து வைத்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இப்போது நான் மட்டும் "ஜீவன், சுகம், பெலன்" என்று ஒப்பித்து முடிப்பேன். எந்தச் சுகம்? எந்தப் பெலன்?

மழைக்காலத்தில் ஒரு நாள், திரும்பி வரும்போது கேப் வழக்கம்போல் நெரிசலில் நின்றுவிட்டது. அங்கே சாலையில் ஒரு குழி. நான் தினமும் வாய்க்கு வந்தபடி திட்டுகிற குழி. அன்று அந்தத் தண்ணீரில் ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் இருந்தவர்களும் அடித்தார்கள். அது தலையை முக்கியது, சிறகை உதறியது, மறுபடி முக்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெபத்தில் உட்கார்ந்தபோது ஒப்பிக்க மனம் வரவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே. எம் புருஷனுக்கு ஒரு வார்த்த குடுக்க ஒமக்கு நேரமில்ல. ஒரு மைனாவ ரோட்டுக் குழியில குளிப்பாட்ட நேரமிருக்கு. அத்தன வண்டிக்காரனும் ஹாரன் அடிக்கான், அது அசையல. ஆமென்!"

"பொறவு?"

திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுக்க, அவர்தான் மறுபடி கேட்டார். "பொ...றவு?"

எங்கள் நாகர்கோவிலில் கதை கேட்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள், அப்புறம் என்ன ஆயிற்று என்று. நான் வாய்விட்டு அழுதேன். மைனாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கேப் நகர்ந்ததும் போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

மறுநாளிலிருந்து போனைப் பைக்குள் போட்டேன். அவருக்குச் சொல்வதற்காகவே பார்த்தேன். ஈர மதில்மேல் பச்சைப் பாசி. ஒரே ரெயின்கோட்டுக்குள் பைக்கில் போகிற அப்பாவும் மகளும். முழுதாகப் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் விடமாட்டார். பயிற்சிக்கு வரும் பெண்ணிடமும் இப்போது முகம் கொடுக்கிறார். பேச்சு திக்கித் திக்கி வருகிறது. நேற்று சாம்பாரில் உப்பில்லை என்று என்னைத் திட்டினார். ஸ்தோத்திரம்!

என் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. அந்தக் குழியையும் இன்னும் யாரும் மூடவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு ஜெபிக்கிறவர்களே, விழுங்காதீர்கள். அப்படியே கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் கொட்டுங்கள், அவர் தாங்குவார். போகிற வழியில் கண்ணை மட்டும் திறந்து வையுங்கள். வீட்டில் ஒருவர் "பொறவு?" என்று கேட்டால், சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.