மதுரை–துபாய் எம்புட்டு நேரம்?

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில் டிக்கெட் போடுவது சின்ன வேலை, "எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லித்தான் மாளாது. சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் தொண்டை வறள உட்கார்ந்திருக்கும் சக ஜீவன்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

லோடு போகிற வேகம்

பட்டாசு ஆர்டர் பிடிக்கிற அண்ணாச்சி ஒருவர். டெல்லி கடைக்காரர் உடனே வரச் சொல்கிறார் என்று வந்தார். காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுண்டிப்போச்சு. சரக்கு லாரி அப்போதுதான் நாக்பூர் தாண்டியிருந்ததாம்.

"லோடு போய்ச் சேராம நான் மட்டும் பறந்து போயி அந்தாளு வாயில விழவா? மெதுவாப் போற பிளேன் இருந்தாப் பாருங்க."

பிந்தி ஓடும் கடிகாரம்

நாரணாபுரம் செல்லத்தாய் அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகள் துபாயில் நர்ஸ், தலைப்பிரசவம். பக்கத்தில் இருப்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் தீபாவளி சீசன், கம்பெனியில் லேசில் விடுவார்களா? டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முந்தித்தான் லீவு கிடைத்தது.

டிக்கெட்டில் பதினொன்றுக்குக் கிளம்பி இரண்டுக்குப் போய்ச் சேரும் என்று இருந்தது. மூணு மணி நேரமில்லக்கா, நாலரை. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பிந்தி என்று விளக்கினேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வலின்னு போன் வந்த பொறகு கிளம்பினாக்கூட, அங்கன நேரம் மிச்சம் கெடக்கும்ல?"

கூடை போன கதை

பட்டாசு மருந்து துளி ஒட்டியிருந்தாலும் ஏர்போர்ட் மிஷின் கத்தும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அக்காவும் கையைத் தேய்தேயென்று தேய்த்துக் கழுவி, புதுச்சேலை கட்டித்தான் போனார். ஆனால் லேகியத்தையும் பிள்ளைத்துணியையும் எதில் வைத்துக்கொண்டு போனார் தெரியுமா? தினமும் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகிற ஒயர் கூடையில்! மிஷின் கத்திவிட்டது.

அந்த நேரம் பார்த்து மருமகன் போன், மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று. அக்கா எனக்குப் போட்டு, போனை அதிகாரி கையில் கொடுத்தார். தெரிந்த இந்தி, தெரியாத இந்தி எல்லாவற்றிலும் கெஞ்சினேன். துணிமணியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, விட்டார்கள். கடைசி ஆளாக ஏறி உட்கார்ந்து எனக்கு ஒரு போன்.

"கூடையத் தூக்கிப் போட்டுட்டேன் தம்பி, ஏறிட்டேன். புள்ள நான் போற வரைக்கும் பொறுத்துக்கிடுமா?"

கடலுக்கு மேலே

பிள்ளை பொறுக்கவில்லை. சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அக்காவோ, பிறந்த நேரத்தைச் சொல்லி, அப்போது பிளேன் எங்கன வந்திருக்கும் என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன். அரபிக் கடலுக்கு மேலே; பாதித் தூரம் வந்திருக்குமா என்பது இழுபறி. "பாதிக்கு மேல தாண்டிட்டீகக்கா" என்று அடித்துச் சொன்னேன்.

"அம்மா அம்மான்னு கத்தினாளாம். அப்ப நான் நாரணாபுரத்துல உக்காந்திருக்கல, பாதிக்கு மேல வந்துட்டேன்னு அவகிட்டச் சொல்லணும் தம்பி."

ஆகவே மக்களே, எம்புட்டு நேரம் என்று கேட்டால் நேரத்தை மட்டும் சொல்லுங்கள், எதுக்குப் போறீக என்று வாயைக் கொடுத்தீர்களோ, அன்றைக்கு வேலை ஓடாது.