ஆள் நிறையாத சஹன்

கலியாணச் சமையல் எண்டா, ஊருக்கெல்லாம் வயிறு நிறையிற வரைக்கும் சமைக்கிறவட வயிறு காத்துக் கிடக்கிற தொழில். என்னைப் போலக் கடைசிப் பந்தியில திங்கிறவங்களே, கேளுங்க. நான் நஸீமா, சாய்ந்தமருதுல சமைக்கிறன். ஆம்பிளப் புள்ளயெண்டு நினைச்சி வளத்தாங்க. படிச்ச புள்ளைகள் இப்ப மரியாதையா 'திருநங்கை' எண்டு சொல்றாங்க. மத்தவங்க சொல்றத விடுங்க.

முறை தெரியாத வாப்பா

மருதமுனையில ஒரு கலியாணம். பொண்ணுட வாப்பா நல்ல மனிசன், ஆனா என்ன எப்பிடிக் கூப்பிடுறெண்டு அவருக்கு விளங்கல்ல. அடுப்படிக்கு வந்து, அண்ணனக் கூப்பிடுற மாதிரி "காக்கா" எண்டு தொடங்கினார். என்ட அபாயாவப் பாத்து முழுங்கினார். அக்காவாக்கி "ராத்தா" எண்டார், என்ட குரலக் கேட்டு அதையும் முழுங்கினார். கோழிக்கறி ஆணத்த ஒரு சொட்டு நக்கிப் பாத்திட்டு, முகட்டப் பாத்துச் சொன்னார்: "சமைக்கிற ஆக்களே, உப்பு ஒரு கல்லுக் கூட."

எனக்குக் கோவம் பத்திக்கொண்டு வந்திச்சி. என்ட கைக்கு உப்புக் கூடினதா ஊர்ல ஒருத்தர் சொல்லட்டும் பாப்பம் எண்டன். மனிசன் பயந்திட்டார். "கூடல்ல, கூடல்ல ஆக்களே. என்ட நாக்குத்தான் பிழை."

தனிக் கோப்பை

எங்கட கலியாணத்துல சோறு சஹன்லதான். பெரிய தட்டம், நடுவுல சோத்துக் குவியல், சுத்தி இரிந்து ஒண்டாத் திங்கிற. ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் திரைக்கு அங்கால. என்ன எங்க இருத்திற? கல்முனையில ஒரு வீட்டுல ஆம்பிளைகள் பொம்பிளைப் பக்கத்தக் காட்டினாங்க, பொம்பிளைகள் ஆம்பிளைப் பக்கத்தக் காட்டினாங்க. நான் சட்டியோட நடுவுல.

சின்ன வயசுல உம்மாவோட ஒரு சஹன்ல இரிந்ததுதான். அதுக்குப் பிறகு ஆரோடயும் இல்ல. அந்த ஆசை மனசுக்குள்ள கிடந்து அரிச்சிக்கொண்டே இரிந்திச்சி. அந்தக் கல்முனை வீட்டுக்காரி ஓடி வந்து அன்பாத்தான் சொன்னா: "உங்களுக்குத் தனியாச் சோத்துக் கோப்பையில போட்டு குசினிக்குள்ள மூடி வெச்சிரிக்கன், நல்ல துண்டாப் பாத்து."

நிந்தவூர்க் குரவை

நிந்தவூர்ல மாப்பிள வாசலுக்கு வந்திட்டார், பொம்பிளைகள் நாக்கச் சுழட்டிக் குரவை போடணும். எல்லாரும் போனத் தூக்கிப் படம் எடுக்கிறாங்க, வாயத் திறக்க ஆளில்ல. எனக்குப் பொறுக்கல்ல. அகப்பையோட நிண்ட நிலையில ஒரு குரவை போட்டன் பாருங்க, மாப்பிளைட தொப்பியே ஆடிச்சி!

பொண்ணுட மாமி ஏசத்தான் வாறா எண்டு நினைச்சன். அவ கண் கலங்கி என்ட கையப் பிடிச்சா. "என்ட கலியாணத்துக்கும் உங்களப் போல ஒராள்தான் குரவை போட்டா. அப்ப எந்தக் கலியாணமெண்டாலும் அவதான்."

அல்லாஹ்வே, எனக்கு முந்தியும் ஒருத்தி இரிந்திரிக்கா! இந்தக் கரையில நான்தான் முதல் ஆள் எண்டெல்லோ நினைச்சிட்டிரிந்தன். அவட பேர் என்ன எண்டு கேட்டன். தெரியா எண்டா. எந்தச் சஹன்ல இரிந்து திண்டா எண்டு கேட்டன். மாமி என்ட கைய விடாமச் சொன்னா: "அத ஒருத்தரும் பாக்கல்லயே, மகள்."

ஆறுற சோறு

அண்டைக்கே சோறு வெச்சி முடிச்சி நான் குசினிக்குத் திரும்பினன். பொம்பிளைப் பக்கத்துல ஒரு சஹன்ல மட்டும் ஒருத்தரும் கை வைக்கல்ல. ஆள் நிறையாமத் தொடங்கக் கூடாது, அது முறை. மாமிக்குப் பக்கத்துல ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு. இன்னும் ஆர் வரணும் எண்டு கேட்டன். "நீங்கதான். கையக் கழுவிட்டு வாங்க மகள், சோறு ஆறுது."

இரிந்தன். மாமி கோழித்துண்டப் பிச்சி என்ட பக்கம் தள்ளினா. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் கையை நான் மவுத்தாகிற வரைக்கும் மறக்கமாட்டன்.

என்ட ஆணத்த நானே ஆறுதலா இரிந்து திண்டது அண்டைக்கித்தான். அந்த மருதமுனை வாப்பா சொன்னது சரி, உப்பு ஒரு கல்லுக் கூடத்தான்.